சீட்டில் இருப்பது எதிர்காலமா, உங்கள் மனசா? கிளி ஜோசியம் முதல் ஆரக்கிள் கார்டு வரை!

மதுரைக்காரர்களுக்கு கிளி ஜோசியத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு சின்னக் கூண்டு, வரிசையாக அடுக்கிய சீட்டுக்கட்டு, எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் ஒருவர். பெயரைச் சொன்னால் கிளி வெளியே வந்து, சில சீட்டுகளைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுக்கும். பதிலுக்கு ஒரு நெல்மணி. சீட்டில் முருகன் வரலாம், மீனாட்சி வரலாம், வேளாங்கண்ணி மாதாவும் வரலாம். அதன் பிறகு கிளிக்கு வேலை இல்லை. பேச வேண்டியதெல்லாம் ஜோசியக்காரர்தான்.

இப்போது அதே சீட்டு கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால், ‘மூன்று கார்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்’ என்று யாராவது கூப்பிடுகிறார்கள். டாரட் தெரிந்த பெயர். அதன் தங்கைபோல வந்திருப்பவை ‘ஆரக்கிள் கார்டு’கள். அவற்றிலும் மரம், பறவை, ஆறு, நிலா, விதை என இயற்கைப் படங்கள் கொண்ட கட்டுகளுக்குத் தனி மவுசு. ‘எதிர்காலம் சொல்ல அல்ல, உங்களை நீங்களே பார்த்துக்கொள்ள’ என்பதுதான் இவற்றுக்குச் சொல்லப்படும் விளம்பரம்.

அது உண்மையா? ஒரு படம் போட்ட அட்டை நம் மனசைப் பற்றி நமக்கு எதையாவது சொல்லுமா?

விளையாட்டாகத் தொடங்கியது

டாரட் முதலில் ஜோசியமே இல்லை. 15-ம் நூற்றாண்டில் இத்தாலியில் ஆடப்பட்ட சாதாரணச் சீட்டு விளையாட்டு அது. குறி சொல்லும் வழக்கம் பல காலம் கழித்துத்தான் அதோடு ஒட்டிக்கொண்டது. இன்று உலகெங்கும் புழங்கும் 78 சீட்டு டாரட் கட்டின் புகழ்பெற்ற படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர். அது வெளியான ஆண்டு 1909.

ஆரக்கிள் கார்டுகளுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. 30 சீட்டும் இருக்கலாம், 60-ம் இருக்கலாம். படம் வரைகிறவர் வைத்ததுதான் சட்டம். அப்படியென்றால் நாமே ஒன்று செய்துகொள்ளலாமே? செய்யலாம். அதற்கு முன்னால், இந்த விஷயத்தில் நம் ஊர் ஏற்கெனவே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

வெள்ளைப் பூவா, சிவப்புப் பூவா?

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது பல குடும்பங்களில் இன்றும் உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வரன் முடிக்கலாமா, வீடு வாங்கலாமா என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொட்டலத்தைப் பிரிக்கும் அந்த ஒரு நொடி. ‘வேண்டாம்’ என்று பூ வந்ததும் மனசு லேசானால், அந்த வரனில் உங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இஷ்டம் இல்லை என்று அர்த்தம். ‘சரி’ என்று வந்தும் முகம் வாடினால் அதுவும் ஒரு பதில்தான். பூவுக்கு எதுவும் தெரியாது. ஆனால், பூவைப் பார்த்த முகம் பொய் சொல்லாது.

இதைவிடப் பழையது ‘விரிச்சி கேட்டல்’. சங்க காலப் பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில் இது வருகிறது. எழுதியவர் நப்பூதனார். போருக்குப் போன தலைவன் இன்னும் திரும்பவில்லை. தலைவி தவிக்கிறாள். வயதான பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் கொண்டுபோய் ஊர்ப்புறத்தில் தூவி வணங்கி, யாராவது தற்செயலாகப் பேசுவது காதில் விழுமா என்று நிற்கிறார்கள். அங்கே ஒரு இடைப்பெண், தாயைத் தேடித் துடிக்கும் கன்றுகளிடம், அம்மாக்கள் இப்போதே வந்துவிடுவார்கள் என்று ஆறுதல் சொல்கிறாள். அந்தப் பேச்சையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு வந்து தலைவியிடம் சொல்கிறார்கள்.

கவனித்தால், அந்தச் சொல் தலைவிக்காகச் சொல்லப்பட்டதே இல்லை. கன்றுக்குச் சொன்னது. இன்னொன்றும் உண்டு. நல்ல சொல் கேட்ட பிறகும் தலைவியின் கண்ணீர் நிற்கவில்லை. சகுனத்தால் எது முடியும், எது முடியாது என்பதை அந்தப் பாட்டு அப்போதே காட்டிவிட்டது.

எல்லோருக்கும் பொருந்தும் ஜாதகம்

சீட்டு ‘அப்படியே என்னைச் சொல்கிறது’ என்று ஏன் தோன்றுகிறது? 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். பிறகு ஆளுக்கொரு தாளில் ‘இதுதான் உங்கள் குணம்’ என்று எழுதிக் கொடுத்து, எவ்வளவு சரி என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரியாக 4.26 கிடைத்தது. பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்! ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய பொதுவான வரிகள் அதில் இருந்தன.

‘வெளியில் சிரிக்கிறீர்கள், உள்ளே ஒரு கவலை’ என்றால் யாருக்குத்தான் பொருந்தாது? ஜோசியக்காரர் பிழைப்பும், ரீல்ஸ் கார்டுக்குக் கீழே குவியும் ‘எனக்கே சொன்ன மாதிரி இருக்கு’ கமென்ட்டுகளும் இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

எதிர்காலத்தைச் சொல்வதில் கிளியின் நிலவரமும் தெரிந்ததுதான். 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சானுக்குக் கிளி சீட்டு எடுத்தது; வெற்றி என்று சொல்லப்பட்டது. அவர் ஜெயிக்கவில்லை. அதற்கு முன்பே, கிளிகளைக் கூண்டில் வைத்திருந்ததற்காக ஜோசியக்காரரை வனத்துறையினர் பிடித்துவிட்டார்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளிகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. ஜோசியத்துக்கு மட்டுமல்ல, வீட்டில் ஆசைக்குக் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். மீனாட்சியின் கையில் இருக்கும் கிளிக்குக் கூண்டு இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் சீட்டே வேண்டாமா? வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம். ஆனால், சீட்டைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டும். ‘என்ன நடக்கும்?’ என்று சீட்டிடம் நாம் கேட்கக் கூடாது. ‘என்ன நினைக்கிறாய்?’ என்று சீட்டு நம்மிடம் கேட்க வேண்டும்.

நம்மிடம் இருக்கும் ஐந்து சீட்டுகள்

இயற்கையைப் பார்த்து மனசைப் படிக்க ஒரு முழு ஏற்பாடே தமிழில் இருக்கிறது: ஐந்திணை. குறிஞ்சிக்குக் கூடுதல், முல்லைக்குக் காத்திருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுது, ஒரு பறவை, ஒரு மரம், கூடவே ஒரு மனநிலை. கிளிகூட குறிஞ்சி நிலத்துப் பறவைதான்.

இந்த ஐந்தையும் மதுரையைச் சுற்றியே வைத்து ஒரு சீட்டுக்கட்டு செய்துவிடலாம். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும். படம் வரையலாம், கைப்பேசியில் எடுத்த போட்டோவை ஒட்டலாம்.

குறிஞ்சி: படத்துக்கு அழகர்மலை அல்லது சிறுமலை. பொழுது, நள்ளிரவு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். மூணாறு மலைகளில் 2018-ல் பூத்தது. நெருக்கம் என்பதும் அப்படி மெதுவாக வருவதுதான். கேள்வி: யாரோடு இருக்கும்போது நான் நடிக்காமல் இருக்கிறேன்? அவர்களிடம் கடைசியாகப் பேசியது எப்போது?

முல்லை: முல்லையின் சொந்தக்காரி மல்லிகை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விடியும் முன்பே மொட்டாகப் பறிக்கப்பட்டு, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வந்து, சாயங்காலம் யாரோ ஒருவர் தலையில் மலர்கிறது. முல்லையின் பொழுதும் மாலைதான். தேர்வு முடிவு, வேலைக்கான அழைப்பு, பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் பதில் என வீட்டில் யாராவது ஒருவர் எதற்காவது காத்துக்கொண்டிருக்கிறோம். கேள்வி: இது வரும் என்று காத்திருக்கிறேனா, வராது என்று ஒப்புக்கொள்ளப் பயந்து காத்திருக்கிறேனா?

மருதம்: சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்து நெல்வயல். பெரியாறு அணைத் தண்ணீர் பாயும் பூமி. பொழுது, வைகறை. இது ஊடலின் நிலம். புருஷன் பெண்டாட்டிக்கு மட்டுமல்ல. அண்ணன் தம்பி, மாமியார் மருமகள், ‘ப்ளூ டிக்’ பார்த்தும் பதில் போடாத தோழி என எல்லோருக்கும் பொருந்தும். மடையை அடைத்தால் தண்ணீர் நிற்காது. வேறு வரப்பை உடைக்கும். கேள்வி: யார்மேல் உள்ள கோபத்தை நான் யாரிடம் காட்டிக்கொண்டிருக்கிறேன்?

நெய்தல்: மதுரையில் கடல் கிடையாது, வைகை உண்டு. அந்த வைகையும் பெரும்பாலும் நேராகக் கடலுக்குப் போவதில்லை. வழிநெடுக உள்ள கண்மாய்களை நிரப்பி, ராமநாதபுரம் பெரிய கண்மாய்வரை போகும். மிச்சம் இருந்தால்தான் கடல். பொழுது, சூரியன் சாயும் நேரம். கேள்வி: நான் இன்னும் அழுது தீர்க்காத துக்கம் எது? அதை எங்கே தேக்கி வைத்திருக்கிறேன்?

பாலை: திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் வெளி. பொழுது, உச்சிவெயில். படத்துக்கு ஒற்றைப் பனைமரம் போதும். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்துவரும் வழியில், பாலை என்பது தனி நிலம் இல்லை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தம் இயல்பு கெடும்போது எடுக்கும் கோலம் அது. மழை பெய்தால் மறுபடி முல்லை. வேலை போனவர்கள், உறவு முறிந்தவர்கள், ஊரைவிட்டு வந்து விடுதி அறையில் தனியாக இருப்பவர்கள் எடுத்துப் பார்க்க வேண்டிய சீட்டு இது. கேள்வி: இது என் நிலமா, இல்லை இப்போதைய பருவமா?

எப்படி எடுப்பது?

வாரம் ஒருமுறை போதும். ஐந்தையும் கலைத்துப்போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். வந்த கேள்விக்கு ஒரு நோட்டில் 10 நிமிடம் எழுதுங்கள். இலக்கணம் வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். மனசில் அழுத்துவதைத் தொடர்ந்து சில நாள்கள் எழுதினால் என்ன ஆகும் என்று 1980-களிலிருந்தே உளவியலாளர்கள் ஆராய்கிறார்கள். அமெரிக்காவின் ஜேம்ஸ் பென்னிபேக்கர் இதில் முன்னோடி. பலன் தருவது சீட்டு அல்ல, எழுதுவது.

பிறகு ஏன் சீட்டு? நாமாகக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தால், வசதியான கேள்வியைத்தான் எடுப்போம். கோபமாக இருப்பவர் மருதம் பக்கமே போகமாட்டார். தற்செயலாக வருவதால்தான், நாம் தள்ளிப்போட்ட கேள்வியும் ஒருநாள் கைக்கு வருகிறது.

குடும்பமாக உட்கார்ந்தும் ஆடலாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு சீட்டு. ‘பாட்டி, நீங்க எதுக்காக ரொம்ப நாள் காத்திருந்தீங்க?’ என்று பேத்தி கேட்டால், அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத கதை ஒன்று வெளியே வரலாம். ஒரே ஒரு நிபந்தனை: சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது.

இதையெல்லாம் சீட்டிடம் கேட்காதீர்கள்!

பிடித்த சீட்டு வரும்வரை மறுபடி மறுபடி எடுக்காதீர்கள். அடுத்தவர் மனசில் என்ன இருக்கிறது என்று சீட்டிடம் கேட்காதீர்கள். அதை அவரிடமே கேட்கலாம். நோய், கடன், கோர்ட் கேஸ் ஆகியவற்றுக்கு டாக்டரும் வங்கியும் வக்கீலும்தான்.

முக்கியமாக, பயம் காட்டுகிறவர்களிடமிருந்து விலகுங்கள். ‘உங்களுக்குக் கெட்ட கார்டு வந்திருக்கிறது, பரிகாரத்துக்கு இவ்வளவு அனுப்புங்கள்’ என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்களை நீங்களே பார்த்துக்கொள்ள உதவும் எதுவும், உங்கள் பயத்தை வைத்துப் பணம் கேட்காது.

பாலைச் சீட்டு மட்டுமே தன் வாழ்க்கை என்று வாரக்கணக்கில் தோன்றினால், தூக்கமும் பசியும் போய்விட்டால், அது சீட்டால் ஆகிற காரியம் இல்லை. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

மற்ற நாள்களுக்கு ஐந்து அட்டையும் ஒரு பேனாவும் போதும். சீட்டு எடுக்க ஒரு நொடிதான் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை உங்களுக்காக ஒதுக்குவதுதான் கொஞ்சம் கஷ்டம்.