பிறந்த ஊர்க் கட்டம்

பள்ளி விண்ணப்பத்தில் ‘பிறந்த ஊர்’ என்றொரு கட்டம் உண்டு. நம் மூத்த மகள் புசாவலிலும், அடுத்தவன் நாகபுரியிலும், கடைக்குட்டி சோலாப்பூரிலும் பிறந்தவர்கள். இரயில்வே மாற்றல் உத்தரவு ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் பிறப்பூராயிற்று. ஓரூரில் ஊன்றாத குடும்பம் என்று அதை எழுதுந்தோறும் நமக்குச் சிறிது கூச்சம் உண்டாகும். 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் குடிக்கணக்கேடுகளைப் பற்றிப் படித்தபின் அக்கூச்சம் அகன்றது.

அந்நாட்டில் 1801 முதல் பத்தாண்டுக்கொருமுறை குடிக்கணக்கு எடுத்தனர். எனினும் 1841இலேதான் நாடெங்கும் ஒவ்வொருவர் பெயரும் ஏடேறிற்று. அப்போதும் பிறந்த இடம் பற்றிய வினா, ‘இதே மாவட்டமா, அன்றா?’ என்ற அளவே. 1851இல்தான் சரியான வயதையும், குடும்பத் தலைவனுக்கு என்ன உறவு என்பதையும், பிறந்த பாரிஷையும், அதாவது கோயிற்பற்றையும், கேட்டெழுதினர்.

தென்கிழக்கில் உள்ள பெரிக் மாவட்டத்து உழவுக் கூலி ஒருவனின் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தந்தை ஸ்விண்டனில் பிறந்தவன், தாய் கோல்ட்ஸ்ட்ரீம், மூத்த பிள்ளை எக்கிள்ஸ், அடுத்தது டன்ஸ், கைக்குழந்தை வேறொரு பாரிஷ். பிள்ளைகளின் வயதையும் ஊரையும் சேர்த்துப் படித்தால், அக்குடும்பம் எந்த ஆண்டில் எங்கே அடுப்பு மூட்டிற்று என்பது விளங்கிவிடும்.

இந்த அலைச்சலுக்குக் காரணம் உண்டு. அங்கே மணமான உழவர் ஓராண்டுக்கென்று அமர்த்தப்படுவர். வசந்த காலத்தில் கூலியாட்களை அமர்த்தும் சந்தையில் பேச்சு முடியும். மே மாதத்தில் தட்டுமுட்டுகளை வண்டியிலேற்றிப் புதுப் பண்ணைக்குப் புறப்படுவர். கூலியிற் பெரும்பகுதி ஓட்ஸ், உருளைக்கிழங்கு, ஒரு பசுவுக்குத் தீனி என்று பொருளாகவே கிடைக்கும். வயல்வேலைக்குப் பெண்ணாள் ஒருத்தியையும் உழவனே கொண்டுவர வேண்டும். வீடோ பண்ணைக்குரியது, வேலை நீங்கினால் வீடும் நீங்கும். குவார்ட்டர்ஸில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1861இல் சன்னலுள்ள அறைகள் எத்தனை என்றும் வினவினர். நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஒற்றை அறையிலே வாழ்ந்தமை அப்போது தெரியவந்தது. ஆனால் ஏடு காட்டாததும் உண்டு. மனைவியின் தொழிற்கட்டத்தில் ‘உழவன் மனைவி’ என்றிருக்கும், அன்றேல் வெறுமையாயிருக்கும். அறுவடையில் அவள் அரிவாள் பிடித்த செய்தி அதில் இராது.

நிலமில்லை, பட்டயமில்லை, ஆயினும் அவ்வெளியோரின் வரலாறு அழியவில்லை. நூறாண்டு கழிந்ததும் அவ்வேடுகள் யாவர்க்கும் திறக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டு ஏடு 2022இல் வெளிவந்தது. கடல்கடந்து குடியேறியோரின் பேரப்பிள்ளைகளும் அவற்றில் தம் முன்னோரைத் தேடிக் காண்கின்றனர்.

நம் நாட்டிலும் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிறந்த இடம் கேட்டார்கள். ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி மனிதர் விவரங்களைப் பார்வையிட எவர்க்கும் உரிமையில்லை. ஆகவே நம் பேரர் நம்மை அங்கே தேடிக் காண இயலாது. நாமே எழுதி வைத்தாலன்றி வழியில்லை.

சென்ற ஞாயிறன்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடிட்டு எழுதத் தொடங்கினோம். நம் தாயார் பிறந்த சிற்றூரின் பெயர் நமக்கே தெரியவில்லை. அன்றிரவே ஊருக்குக் கடிதம் எழுதினோம். கேட்டுச் சொல்லப் பெரியோர் இருக்கும்போதே நேயர்களும் தத்தம் இல்லத்தில் இதனைச் செய்வார்களாக. மனைவியின் தொழிற்கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட வேண்டா.