கண்ணுக்குள் ஒரு ஜன்னல்

தலைவலி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? தைலம் தடவுகிறோம். மாத்திரை விழுங்குகிறோம். அதற்கும் அடங்காவிட்டால் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போகிறோம். சுவரில் உள்ள எழுத்துக்களைக் கடைசி வரி வரை படித்து விட்டால், "கண்ணில் ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாகத் திரும்பி விடுகிறோம்.

அந்த நிம்மதி சில சமயம் ஆபத்தானது.

கண்ணையும் மூளையையும் ஒரு நரம்பு இணைக்கிறது. அதன் நுனி, கண்ணின் உட்புறத்தில் சிறு வட்டமாகத் தெரியும். மண்டைக்குள் கட்டி வளர்ந்தாலும், நீர் கோத்துக் கொண்டாலும் அழுத்தம் கூடும். அப்போது அந்த வட்டம் வீங்கும். வேடிக்கை என்னவென்றால், வீங்கிய பிறகும் கொஞ்ச காலம் பார்வை தெளிவாகவே இருக்கும்! ஆகவே எழுத்துப் படிப்பது மட்டும் போதாது. உள்ளே பார்க்க வேண்டும். அதற்கான கருவியை ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் உலகுக்கு அறிவித்தார். இன்று காமிரா படமே பிடித்துத் தருகிறது.

இன்னொரு செய்தி. நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோயின் சாயலை, அது வெளிப்படுவதற்குச் சராசரியாக 7 ஆண்டுகளுக்கு முன்பே விழித்திரைப் படங்களில் கண்டதாக லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் அறிவித்தார்கள். ஆனால் ஒரு படத்தை வைத்து, "உனக்கு இந்த நோய் வரும்" என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

நம் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில், நூம்பலில், அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 2017-ல் வந்தது. தடை வேறு. பாப்பா விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். மெஷினில் நிற்க முடியாது. அரை நாள் கூலி போய்விடும். அதற்குப் பயந்தே, "சொட்டு மருந்து வேண்டாம், கண்ணாடி மட்டும் கொடுங்கள்" என்கிறார் தொழிலாளி. அவர் மீது குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அம்பத்தூர், ஆவடி தொழிற்சாலை முதலாளிகள் இதற்குச் சம்பளத்துடன் அரை நாள் லீவு தர வேண்டும். அரை நாளில் எந்தக் கம்பெனியும் மூழ்கிவிடாது.

காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, ஒன்று இரண்டாகத் தெரிதல், குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுதல் — இவை இருந்தால் நாளைக்கென்று தள்ளாதீர்கள். மருந்து விட்ட பிறகு வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.