மழைக்கு மட்டும்தானா வீட்டிலிருந்து வேலை?

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்தது. 15ஆம் தேதி முதல் 18ஆம் தேதி வரை ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லுமாறு தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களைத் தமிழ்நாடு அரசு கேட்டுக்கொண்டது. கொரோனா காலம் ஏற்கெனவே பழக்கிவைத்திருந்ததால், லேப்டாப்பும் இணையமும் இருந்தால் போதும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால், கைக்குழந்தையை விட்டுவர ஆளில்லாத ஒரு தாய் வாரத்தில் இரண்டு நாள் அதே வசதியைக் கேட்டால், 'டீமுக்குச் சரிவராது' என்று மேலாளர் சொல்லிவிடுகிறார். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட அவருக்கு இல்லை.

வீட்டில் இருந்தால் வேலை ஓடாது என்ற சந்தேகம் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. சீனப் பயண நிறுவனமான ட்ரிப்.காமில், ஸ்டான்ஃபோர்டு பொருளியல் பேராசிரியர் நிகோலஸ் புளூம் குழுவினர் 1,612 ஊழியர்களை வைத்து ஆறு மாதம் ஆராய்ந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களிடம் ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களிடமும் வெகுதூரம் பயணித்து வேலைக்கு வருபவர்களிடமும் இந்தப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. பணி மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் பின்தங்கவில்லை. 2024இல் 'நேச்சர்' இதழில் முடிவுகள் வெளியாயின.

மறுபக்கமும் உண்டு. அதே நிறுவனத்தில் 2010இல் தொடங்கிய முந்தைய சோதனையில், வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தித்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. ஆனாலும் அந்த உழைப்புக்கு ஏற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது, ஏறத்தாழ பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை தாங்கவில்லை என்பது முக்கியக் காரணம்.

நம் ஊரில் இன்னொரு சுமையும் சேர்கிறது: அமெரிக்க வாடிக்கையாளரின் நேரத்துக்கு நடக்கும் மீட்டிங். கோடையில் நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் சென்னையில் இரவு 7.30. அலுவலகத்தில் இருந்தால் கேப் வந்து நிற்கும் நேரத்திலாவது அன்றைய வேலை முடியும். வீட்டில் அதுவும் இல்லை. கையில் தோசைக்கரண்டி, காதில் ஹெட்செட். மைக்கை மியூட்டில் போட்டுப் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டுவதற்குள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். லேப்டாப்பை மூடும்போது மணி பத்தரை. மறுநாள் காலை 9 மணிக்கு மறுபடி லாகின். நாற்காலியும் மின்கட்டணமும் ஊழியரின் கைக்காசு.

ஆக, நேரத்தை வளைக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். தமிழ்நாடு இதை 2023இல் நேரிலேயே பார்த்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த மசோதாவும் 'நெகிழ்வான பணி நேரம்' என்ற பெயரில்தான் வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம் என்று போட்ட வரம்பைத் தளர்த்தி, 12 மணி நேர வேலைக்கு அது வழிவிட்டது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே 1 அன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக 100 ஆண்டுகள். நிறுவனம் தன் வசதிக்கு நேரத்தை நீட்டினால், அதை ஊழியருக்கான சலுகை என்று சொல்லவே முடியாது.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேரும் நாளிலேயே நெகிழ்வான ஏற்பாட்டைக் கேட்கும் உரிமை ஊழியருக்கு உண்டு. இரண்டு மாதத்துக்குள் நிறுவனம் முடிவு சொல்லியாக வேண்டும். வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இந்தியாவிலோ, 2017ஆம் ஆண்டு மகப்பேறு பலன் திருத்தச் சட்டம்கூட, விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பரஸ்பர ஒப்புதலுக்கு விட்டுவிட்டது. மேலாளர் ஒப்பாவிட்டால் அந்தப் பிரிவால் தாய்க்குப் பயனில்லை.

இதைத் தமிழ்நாடு மாற்ற வேண்டும். கோரிக்கைக்குக் குறித்த காலத்துக்குள் எழுத்தில் பதில், மறுத்தால் காரணம், வேலை நேரத்துக்குப் பின் அழைப்பை ஏற்காதவர் மீது நடவடிக்கை கூடாது என்ற பாதுகாப்பு ஆகியவை சட்டத்தில் இடம்பெற வேண்டும். வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைகளில் இருப்போரையும் மறந்துவிடக் கூடாது. துணிக்கடை ஊழியருக்குத் தேவை, அடுத்த வார ஷிஃப்ட் முன்கூட்டியே தெரிவதும், அவசரத்துக்கு அதை மாற்றிக்கொள்ளும் வசதியும். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த அந்த ஊழியர்களுக்கு இருக்கை தரச் சொல்லி, 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்திய சட்டமன்றம் இது. அதே சட்டத்தில் இந்தப் பிரிவுகளையும் சேர்க்கும் மசோதாவை அரசு கொண்டுவர வேண்டும்.