பேர் மாத்தணுமா? முதலில் கம்பெனி ஆகுங்கள்!

சிங்கப்பெருமாள் கோயில் என்று முழுப் பெயரையும் எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. எஸ்.பி.கோயில்தான். ஷேர் ஆட்டோக்காரர் அப்படித்தான் கூவுகிறார், நாமும் அப்படித்தான் ஏறுகிறோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால், வெள்ளைக்காரன் சிங்கிள்புட் ஆக்கி வைத்திருந்த செங்கல்பட்டு. கடற்கரைப் பக்கம் திரும்பினால், நம் அப்பாக்கள் மகாபலிபுரம் என்று சொன்ன மாமல்லபுரம். 1969-ல் மாநிலமே பெயர் மாற்றிக்கொண்டது. 1996-ல் தலைநகரம். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளை ஒரே அரசாணையில் மாற்றினார்கள். ஊர் சிரித்ததும் சில நாளிலேயே வாபஸ் வாங்கினார்கள். எந்த ஊரையும் பார்த்து, 'நீ நிஜமாகவே அந்த ஊர்தானா? டாக்டர் சர்டிஃபிகேட் இருக்கா?' என்று யாரும் கேட்கவில்லை.

இதே எஸ்.பி.கோயில் ஸ்டேஷனில் ஒரு திருநங்கை தன் பெயரை மாற்றிக்கொள்வதற்காக மின்சார ரயில் ஏறட்டும். அப்போது தெரியும் சேதி.

கலெக்டரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை அதற்குக் காஞ்சிபுரம். இப்போது பரனூர் தாண்டினால் போதும். அந்த மட்டில் லாபம். அரசிதழில் போட வேண்டுமென்றால் சென்னை அண்ணா சாலை, எழுதுபொருள் அச்சுத்துறை. அப்புறம் ஆதார், பான், ரேஷன் கார்டு, பாங்க் பாஸ்புக். ஒவ்வொரு கவுன்ட்டரிலும் 'பழைய பேர் என்ன?' என்ற கேள்வி. க்யூவில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழ அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அரசிதழும் நம்மைப் போல வாரப் பத்திரிகைதான். அதில் பெயர் மாற்றத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. எடுத்துப் பாருங்கள். இன்ன பெயருடைய, இன்னாருக்குப் பிறந்த, இன்ன தேதியில் பிறந்த, இன்ன விலாசத்தில் வசிக்கும் நான் இனி இன்ன பெயரால் அழைக்கப்படுவேன் என்று இருக்கும். நியூமராலஜிக்காக ஒரு 'ஏ' சேர்க்கிறவருக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் பழைய பெயரைச் சொல்லியே அடித்து விரட்டப்பட்டவளை யோசியுங்கள். அந்தப் பெயரைக் குழி தோண்டிப் புதைக்க வந்தவளிடம், அதை அப்பா பெயரோடும் வீட்டு விலாசத்தோடும் அச்சடித்து ஊருக்கு விநியோகித்துவிட்டுப் புதைத்துக்கொள் என்கிறது அரசாங்கம்.

நீதிமன்றம் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்பதை அவரே சொல்லலாம், ஆபரேஷன் செய்துகொண்டு வா என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு வந்த 2019-ஆம் வருஷத்துச் சட்டம், ஆண் அல்லது பெண் என்று எழுத வேண்டுமானால் ஆஸ்பத்திரிச் சான்று கொண்டு வா என்றது. கோர்ட் திறந்த கதவைச் சட்டம் பாதி சாத்தியது. ஆனாலும், சான்றிதழ் வாங்கியவர் விண்ணப்பித்தால் மற்ற ஆவணங்களை 15 நாளில் மாற்றித் தர வேண்டும் என்று 2020-ல் விதி எழுதினார்கள். படிப்புச் சான்றிதழும் அந்தப் பட்டியலில் உண்டு.

நடப்பது என்ன? பிரித்திகா யாஷினி சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனுப் போட்டபோது, சான்றிதழில் இருக்கிற பெயர் வேறு, மனுவில் இருக்கிற பெயர் வேறு என்று தள்ளினார்கள். அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2015 நவம்பரில் ஜெயித்தார், 2017-ல் சப் இன்ஸ்பெக்டர் ஆனார். விதி வந்த பிறகாவது மாறியதா? மணிப்பூரில் ஒரு டாக்டர், புதிய பெயரில் சான்றிதழ் கேட்டார். முதலில் பள்ளிக்கூடச் சான்றிதழை மாற்றிக்கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்றது பல்கலைக்கழகம். புதிதாகக் கொடு என்று 2025-ல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. டாக்டருக்கே இந்தக் கதி. பத்தாவதோடு நின்று, மறைமலை நகர்ப் பக்கம் ஏதாவது கம்பெனியில் வேலை கேட்டு நிற்கிற பெண் எந்த உயர் நீதிமன்றத்துக்குப் போவாள்?

நான் பி.காம். படித்தவன். அதனால் கம்பெனி சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டம், பிரிவு 13. ஒரு கம்பெனி ஸ்பெஷல் தீர்மானம் போட்டு, அனுமதி வாங்கிப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். பதிவாளர் பழைய பெயர் இருந்த இடத்தில் புதுப் பெயரை எழுதி, இன்கார்ப்பரேஷன் சான்றிதழையே புதிதாகக் கொடுத்துவிடுவார். அது என்ன சான்றிதழ் தெரியுமா? கம்பெனியின் பிறப்புச் சான்றிதழ்! போர்டிலும் லெட்டர்ஹெட்டிலும் பழைய பெயரையும் சேர்த்துப் போட வேண்டியது 2 வருஷம்தான். கடன்காரன் ஏமாறக்கூடாதே என்று அந்த 2 வருஷம். அதற்கப்புறம் அந்தப் பேச்சே கிடையாது. ரத்தமும் சதையும் இல்லாத, பேப்பரில் மட்டும் வாழ்கிற ஒன்றுக்கு இவ்வளவு மரியாதை. மனுஷிக்கோ ஆயுசு முழுக்கப் பழைய பெயர் பின்னாலேயே வருகிறது.

'கடன் வாங்கியவன், குற்றம் செய்தவன் எல்லாம் பேரை மாத்திக்கிட்டுத் தப்பிச்சுடுவானே சார்' என்பார்கள். எப்படித் தப்பிப்பான்? பான் நம்பர் அதேதான், ஆதார் நம்பர் அதேதான், பத்து விரல் ரேகையும் அதேதான். வங்கியில் கோடிகளை விழுங்கியவர்கள் சொந்தப் பெயரிலேயே பிளேன் ஏறிப் போனார்கள்.

தமிழ்நாடு 2008-லேயே நல வாரியம் அமைத்த மாநிலம். 'அரவாணி' வேண்டாம், 'திருநங்கை' என்று சொல்லுங்கள் என்று அரசே கேட்டுக்கொண்டது. நல்ல காரியம். மொத்தக் கூட்டத்துக்கும் பெயர் மாற்றியாயிற்று, ஆளுக்குத்தான் பாக்கி. செலவில்லாத வேலை இது. பழைய பெயரின் சுவடு இல்லாத புதிய மார்க் ஷீட் ஒன்று. விலாசம் இல்லாத அரசிதழ் அறிவிப்பு ஒன்று. பழைய பதிவு பூட்டிய பீரோவில் இருக்கட்டும், கோர்ட் கேட்டால் எடுத்துக் கொடுக்கட்டும்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. 'முதல் பெயரை' மாற்றிக்கொள்ளலாம் என்கிறது 2019 சட்டத்தின் ஏழாவது பிரிவு. டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு உண்டு. நமக்கு இருப்பது இனிஷியல். வீட்டை விட்டுத் துரத்திய அப்பாவின் முதலெழுத்து, அவளே தேடி வைத்துக்கொண்ட பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை இறக்கிவிட வழி கேட்டால், அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது.