ஒரே பாயில் இரு தலைமுறை

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் ஒரு கரையில் பழையசீவரம். மறு கரையில் திருமுக்கூடல். திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கல்விக்கூடம், மாணவர் விடுதி, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஆகியவற்றுக்கு வழங்கப்பட்ட நிவந்தங்களை அது விரிவாகச் சொல்கிறது. சற்றுத் தொலைவிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. வாரிய உறுப்பினராக விரும்புவோர் நிலமும் சொந்த மனையும் உடையவராகவும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராகவும், வேத நூல்களைக் கற்றறிந்தவராகவும் இருத்தல் வேண்டும் என்பது அக்கல்வெட்டு விதித்த தகுதி. எழுத்து இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. கோயில் சுவரில் ஆயிரம் ஆண்டுகள் நின்ற எழுத்து, உழுபவர் வீட்டுக்குள் நுழைந்ததுதான் அண்மைக்கால நிகழ்வு. எல்லா வீடுகளுக்குள்ளும் அது இன்னும் நுழைந்தபாடில்லை.

குடவோலையின் விதி இன்று தலைகீழாகியிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். கற்றவரா, நிலமுடையவரா என்று எவரும் கேட்பதில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் போதும். பெருமைப்படத்தக்க மாற்றம் இது. எனினும் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏழு வயது நிரம்பிய பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேர் எழுத்தறிவு பெறாதவர்கள். தீர்மானப் புத்தகத்தைப் படிக்க இயலாத தாய், படித்தவர் சொல்வதை நம்பி அதன் அடியில் கையொப்பமிடுகிறார். பெயரை எழுதப் பழகுவது எழுத்தறிவு ஆகிவிடாது.

இக்குறையைப் போக்க அரசு இரண்டு வாயில்களைத் திறந்து வைத்துள்ளது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிகள் சிறு குழந்தைக்கானவை. 2022 முதல் 2027 வரை நடைபெறும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதைக் கடந்த கல்லாதோருக்கானது. இரண்டும் நல்ல திட்டங்களே. ஆனால் இவை வெவ்வேறு துறைகளைச் சேர்ந்தவை. பதிவேடும் நேரமும் தனித்தனி. காலையில் குழந்தை படம் பார்த்துப் பாடுகிறது. மாலையில் தாய் அரிச்சுவடியைத் திறக்கிறார். ஒருவர் கற்பதை மற்றவர் அறிவதில்லை. இவ்விரு வகுப்புகளையும் வாரத்தில் சில மணி நேரமாவது ஒரே பாயில் அமரச் செய்ய வேண்டும். குடும்ப எழுத்தறிவு என்பதன் சாரம் இதுவே.

முதியோர் கல்வியின் பழைய நோய் ஒன்று இதன் தேவையை உணர்த்தும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டின் சிற்றூர்களை உலுக்கியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரித் தொழிலாளரும் விவசாயக் கூலிப் பெண்களும் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றார்கள். தெருவில் பாடலும் நாடகமும் நடந்தவரை எழுத்து தளிர்த்தது. இயக்கத்தின் வேகம் தணிந்த பின் பலர் கற்றதை மறந்தனர். அவர்களைக் குறை கூறுவது முறையன்று. வீட்டில் படிக்க ஒன்றுமில்லை, படித்துக்காட்டக் கேட்பாரும் இல்லை என்றால் எந்த எழுத்தும் மங்கிப்போகும். மூன்று வயதுக் குழந்தையோ ஒரே கதையைப் பத்து நாள் கேட்கும். பதினோராம் நாளும் அதையே கேட்கும். புதிதாகக் கற்றவருக்கு இதைவிடப் பொறுமையான பயிற்சியாளர் கிடைக்கமாட்டார். தட்டுத்தடுமாறிப் படித்தாலும் குழந்தை சிரிக்காது. ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் மட்டும் உடனே கண்டுபிடித்துவிடும்.

தமிழ்க் குழந்தைக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அதை நம் கல்வித் திட்டங்கள் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தமிழ் இரட்டை வழக்கு மொழி. வீட்டில் ‘வந்தாங்க’ என்று கேட்டு வளர்ந்த குழந்தை பாடநூலில் ‘வந்தார்கள்’ என்பதைச் சந்திக்கிறது. ‘அவன்கிட்ட’ என்பது ‘அவனிடம்’ ஆகிறது. ‘வெளையாடலாம்’ என்பது ‘விளையாடலாம்’ ஆகிறது. புத்தகம் உள்ள வீட்டில் இந்த எழுத்துத் தமிழ் கதையாகவும் பாட்டாகவும் இரண்டு வயதிலேயே காதில் விழுந்துவிடுகிறது. புத்தகமில்லாத வீட்டுப் பிள்ளையோ, எழுத்தின் வடிவத்தையும் எழுத்துமொழியின் வடிவத்தையும் ஒரே நாளில், ஒரே வகுப்பில், அறியாத ஒருவர் முன்னிலையில் எதிர்கொள்கிறது. பின்னர் அப்பிள்ளை மெதுவாகப் படிப்பதைக் கண்டு ‘மந்தம்’ என்கிறோம். அதன் தாய்மொழியே அதற்குப் பாதி அயல்மொழியாகத் தோன்றியதை மறந்துவிடுகிறோம். எழுத்துத் தமிழைத் தாயின் குரலில் கேட்டால் அந்த அயன்மை கரையும்.

எழுதப்படிக்கத் தெரியாதவர் பிள்ளைக்கு எப்படித் துணை செய்வார் என்று கேட்கப்படுகிறது. பீகார், இராஜஸ்தான் சிற்றூர்களில் பிரதம் அமைப்பின் முயற்சியை ஆராய்ந்தவர்கள் இக்கேள்விக்கே விடை தேடினார்கள். சில ஊர்களில் தாய்மாருக்கு எழுத்தறிவு வகுப்பு நடந்தது. சில ஊர்களில் குழந்தையோடு வீட்டில் செய்யத்தக்க பயிற்சித் தாள்களும் வழிகாட்டுதலும் தரப்பட்டன. சில ஊர்களில் இரண்டும் சேர்ந்தன. இரண்டும் சேர்ந்த ஊர்களிலேயே பயன் மிகுதியாக இருந்தது. அப்பயன் பேரளவினதன்று, குழந்தைகளின் கணக்கில் சிறிதளவே உயர்வு தெரிந்தது. ஓராண்டு முயற்சியில் அற்புதம் நிகழும் என்று யாரும் வாக்களிக்கக் கூடாது. நீண்ட கால விளைவுக்குத் துருக்கியைப் பார்க்கலாம். இஸ்தான்புல் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 1982இல் தாய்மாருக்குப் பயிற்சி அளிக்கும் திட்டம் தொடங்கியது. பயிற்சி பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் ஏனையோரைவிட மிகுதியான அளவில் பள்ளியில் தொடர்ந்தது பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தது.

பிறநாட்டுத் திட்டத்தை அப்படியே இங்கு நட்டுவிட முடியாது. காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் பல வீடுகளின் பகற்பொழுது பாட்டியிடம் இருக்கிறது. ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் தொழிற்சாலைப் பேருந்தில் இளையோர் சென்றுவிட, குழந்தையோடு வீட்டில் இருப்பவர் ஆயா. (வட தமிழ்நாட்டில் பாட்டியையும் அங்கன்வாடி உதவியாளரையும் ‘ஆயா’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறார்கள், குழந்தை வளர்ப்பு யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது.) தாய்க்கு மட்டும் என்று வகுத்த வகுப்பு இத்தகைய வீடுகளைத் தவறவிட்டுவிடும். ஆயா வெறுங்கையோடு வருபவரும் அல்லர். விடுகதை, தாலாட்டு, நடவுப்பாட்டு, மழை பொய்த்த ஆண்டின் நினைவு என அவரிடம் இருப்பவை ஏராளம். அவர் சொல்லச் சொல்லத் தன்னார்வலர் பெரிய எழுத்தில் எழுதி, மறுநாள் அதையே பாடமாகத் தரலாம். சொற்கள் அவருக்கு ஏற்கெனவே தெரிந்தவை. எழுத்து மட்டுமே புதிது. அருகில் அமர்ந்திருக்கும் பேரக்குழந்தைக்கும் அதுவே முதல் புத்தகம். தந்தையர்க்கும் இதில் இடமுண்டு. இரவில் ஒரு பக்கம் படித்துக்காட்ட வகுப்புக்கு வரவேண்டும் என்பதில்லை.

இதற்கான அடித்தளம் ஓரளவு போடப்பட்டே இருக்கிறது. 2021இல் இல்லம் தேடிக் கல்வி முதலில் தொடங்கப்பட்ட 12 மாவட்டங்களுள் காஞ்சிபுரமும் ஒன்று. திண்ணையிலும் மரத்தடியிலும் மாலை வகுப்பு நடத்திய தன்னார்வலர்களுள் பெரும்பாலோர் அவ்வவ்வூர்ப் பெண்களே. அது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்கெனத் தொடங்கப்பட்டது. அதே திண்ணையில் மூன்று வயதினருக்கும் அவர்தம் வீட்டாருக்கும் இடம் ஒதுக்குவது கடினமன்று. நடவும் அறுவடையும் நடக்கும் வாரங்களில் வகுப்பை நிறுத்திவிட வேண்டும். வராதவரின் பெயரை நீக்குவது அறமாகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் ஒரு படக்கதை நூலேனும் சென்றுசேர வேண்டும். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்க்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமோ ஊதியமில்லாத் தொண்டையே நம்பியிருக்கிறது. இரு தலைமுறையை ஒன்றாக அமர்த்திக் கற்பிப்பது ஒரு தலைமுறைக்குக் கற்பிப்பதைவிடக் கடினமான வேலை. அதைச் செய்பவரும் பெரும்பாலும் கூலி வேலையிலிருந்து களைத்துத் திரும்பிய பெண்ணாகவே இருப்பார். அவருடைய மாலைப்பொழுதுக்கு என்ன விலை என்பதை, திட்டத்தை அறிவிப்பதற்கு முன்பே அரசு முடிவு செய்தாக வேண்டும்.