பெயரற்ற குன்று எங்கே இருக்கிறது?

ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்த தமிழ் நண்பர்கள் சிலர், இங்குள்ள ஞாயிற்றுக்கிழமை நடைக்குழுக்களில் சேரலாமா என்று கேட்கின்றனர். தாராளமாகச் சேருங்கள். ஆனால் அவை இன்று நடக்கும் விதத்தை ஒப்புக்கொண்டு சேராதீர்கள்.

நான் உறுப்பினராக உள்ள குழுவொன்றின் அண்மை அறிவிப்பு, நகருக்கு வெளியே 'யாரும் அறியாத, பெயரற்ற' பாறைக்குன்று ஒன்றைக் 'கண்டறிய' அழைக்கிறது. யார் அறியாத குன்று? அதன் அடிவாரத்தில் கொல்லா, குரும ஆயர்கள் தலைமுறைகளாக ஆடு மேய்க்கின்றனர். (கொல்லா என்பது இங்கே ஆயரைக் குறிக்கும், நம் கொல்லர் அல்லர்.) குன்றுக்குக் குட்ட, தரையோடு விரிந்த பாறைக்குப் பண்ட, சிறு நீர்நிலைக்குக் குண்ட என்று தெலுங்கு நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது. நகருக்குள்ளேயே நல்லகுண்டா இருக்கிறது. அந்த 'நல்ல' கருமையைக் குறிப்பது. 'குண்டா' பள்ளத்தைக் குறிக்கும் நம் 'குண்டு' என்னும் சொல்லின் உறவு. இத்தகைய நாட்டில் பெயரற்ற குன்று என்பது, கேட்கத் தெரியாதவரின் கற்பனை.

இது வெறும் சொல்லாராய்ச்சிப் பூசல் அன்று. பெயரும் பயனும் மறைக்கப்பட்ட நிலமே முதலில் 'தரிசு' ஆகிறது, பிறகு மனை ஆகிறது. தெலங்கானத்தில் 'கஞ்ச' என்றால் மேய்ச்சல் நிலம். கஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கரை, அதன் பெயரே சொல்லும் பயனைப் பொருட்படுத்தாமல், தொழில்நுட்பப் பூங்காவுக்கான ஏலப்பொருளாகவே அரசு கண்டது. பல்கலைக்கழக மாணவர்கள் போராடினர். 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்தியது. அதற்குள் இயந்திரங்கள் பெரும்பரப்பை அழித்திருந்தன.

'உடல்நலத்துக்காக நடக்கிறோம், அரசியல் எதற்கு?' என்பார்கள். நடைக்குழு என்னும் வழக்கம் வேரூன்றிய இங்கிலாந்தில், 1932இல் மான்செஸ்டர்ப் பகுதித் தொழிலாளர்கள் நிலக்கிழாரின் வேட்டைக்காடாக இருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டில் தடையை மீறி ஏறினர். ஐவர் சிறை சென்றனர். திறந்தவெளிகளில் நடக்கும் உரிமையை உறுதிசெய்த சட்டம் 2000இல்தான் வந்தது. நம் குழுக்களோ அங்கிருந்து காலணியையும் தொப்பியையும் மட்டும் இறக்குமதி செய்துகொண்டன. ஒரு பாதையில் இரும்புக்கதவு போடப்பட்டால் மறுவாரம் வேறு குன்றுக்குப் போய்விடுகின்றன. ஆடுகளுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே சேருங்கள், சேர்ந்த பின் சிலவற்றை வற்புறுத்துங்கள். வழிகாட்டியாக அவ்வூர் ஆயர் ஒருவரை அழைத்து, உரிய ஊதியம் கொடுக்கட்டும். கிராம நில வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கட்டும். ஊரார் 'பண்ட்ல பாட்ட' என்று சொல்லும் பாதை நம் வண்டிப்பாட்டையேதான். வரைபடத்தில் உள்ள பாதை நிலத்தில் அடைக்கப்பட்டிருந்தால், ஊராரோடு சேர்ந்து வட்டாட்சியருக்கு மனு எழுதட்டும். கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2011இலேயே மாநிலங்களுக்கு ஆணையிட்டிருக்கிறது. மனுவில் அதையும் குறிப்பிடலாம்.

தெலுங்கு தெரியாதே என்று தயங்க வேண்டாம். 'ஈ குட்ட பேரேமி?' என்று கேட்டால் போதும். கிடைக்கும் விடையை அடுத்த அறிவிப்பில் 'பெயரற்ற' என்ற சொல்லை அடித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.