உருக்கும் காந்தமும் தமிழும்

அறிவியற் பொருள்களைத் தமிழில் எடுத்துரைத்தல் இயலாதென்று நம் கல்லூரி நண்பருட் பலர் கூறக் கேட்டிருக்கின்றேன். தமிழையே சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவருட் சிலரும் அதனை ஒப்புக்கொண்டு வாளா இருக்கின்றனர். இக்கொள்கை பிழையென்பதே என் கருத்து. மயிலாப்பூரில் எம் இல்லத்தே நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று அதனை வலியுறுத்திற்று.

என் தமையனார் அடையாற்றுப் பக்கத்தே உலோகவியல் பயில்பவர். உருகிய உருக்கின் ஓட்டத்தைக் காந்தத்தால் அடக்கும் முறை அவர் ஆராய்வது. ஒருநாள் இரவு உணவின்போது எம் அன்னையார், “ஏனப்பா, காந்தம் இரும்பை இழுக்கும் என்பார்கள், உருகிய இரும்பையும் இழுக்குமோ?” என்று வினவினார். தமையனார் விடைகூறப் புகுந்து, ஆங்கிலச் சொற்களை அடுக்கி, இடையே நிறுத்தி, “உனக்கு விளங்காதம்மா” என்றார். அன்னையார் மேலொன்றும் கேளாது எழுந்து சென்றார். அது என் உள்ளத்தை வருத்திற்று. அவ்வினாவோ மிகச் சிறந்த வினா.

மறுநாள் யாம் இருவரும் அமர்ந்து தமிழில் விடை எழுதினோம். அது வருமாறு:

இழுக்காது. ஏறத்தாழ 770 பாகை சென்டிகிரேடு வெப்பத்திலேயே இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழந்துவிடும். வார்ப்புச் சாலையில் உருக்கின் வெப்பமோ 1500 பாகையை ஒட்டியது. அது பெருங்கலத்தினின்று தொட்டியில் இறங்கி, குழல்வழியே, நீரால் குளிர்விக்கப்படும் செப்பு அச்சினுட் பாய்கின்றது. அங்கே புறத்தோல் உறைய, கீழிருந்து இடையறாது இழுக்கப்படுகின்றது. இதுவே தொடர்வார்ப்பு. பாய்ச்சல் கடுகினால், மேலே மிதக்கும் கசடு கலங்கி உள்ளே அகப்படும். குமிழிகளும் ஆழத்தே சென்று சிக்கும். பின்னர்த் தகட்டில் வடுக்கள் தோன்றும். ஆகவே அச்சின் இருமருங்கும் காந்தங்களை நிறுத்துகின்றனர். காந்தப் புலத்தைக் குறுக்கிட்டு ஓடும் உருக்கினுள்ளே மின்னோட்டம் பிறக்கும். அம்மின்னோட்டத்தின்மேல் அப்புலமே செலுத்தும் விசை, உருக்கின் ஓட்டத்தை எதிர்க்கும். விரைவு மிகுந்தால் தடையும் மிகும். 1980-களில் ஜப்பானியரும் சுவீடன் நாட்டாரும் இதனை ஆலையிற் கையாளத் தொடங்கினர்.

இதனைப் படித்துக் காட்டியபோது அன்னையார், “அப்படியானால், ஓடாமல் நின்றுவிட்டால் தடையும் இராதோ?” என்றார். ஆம், இராது. அவருக்கு விளங்கிற்றென்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நிற்க. மின்னோட்டம் இவ்வாறு பிறத்தலை 1831-இல் கண்டறிந்த மைக்கேல் பாரடே, கொல்லர் ஒருவரின் மைந்தர். அவரே 1819-இல் இந்திய உருக்கை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். ஐரோப்பியர் அதனை ‘ஊட்ஸ்’ என்றழைத்தனர். அது கன்னட ‘உக்கு’ என்பதன் திரிபென்றும், உக்கு நம் ‘உருக்கு’ என்பதற்கு உறவென்றும் அறிஞர் கூறுவர். சேலம் உருக்காலையின் பெயரிலே அச்சொல் இன்றும் வாழ்கின்றது. நம் நாட்டுப் பொருளை அறிய அவர் முயன்றார். அவர் கண்டதை நம் மொழியிற் கூற நாம் முயலலாகாதா?

கலைச்சொற்கள் இல்லையே என்பர் சிலர். தொட்டி, குழல், அச்சு, கசடு என்பன நம் வீட்டிலும் பட்டறையிலும் வழங்குவனவே. இல்லாதவிடத்துச் ‘சென்டிகிரேடு’ போன்ற அயற்சொல்லை ஏற்றலால் தமிழுக்கு இழுக்கில்லை. குறைந்திருப்பது நம் முயற்சியே.

ஆதலின் ஒன்று வேண்டுகின்றேன். தமிழ் பயிலும் மாணவர் ஒருவரும் அறிவியல் பயிலும் மாணவர் ஒருவரும் கூடி, ஆண்டுதோறும் இம்மலருக்கு ஒரு கட்டுரையேனும் எழுதுவாராக. அச்சிடுமுன் அதனைத் தத்தம் அன்னையர்க்குப் படித்துக் காட்டுவாராக. அவர் வினவும் வினாவே நம் எழுத்துக்கு ஏற்ற தேர்வாகும்.